வாள் வாங்குமுன்…

நம் தஞ்சைத் தரணியின் பள்ளிவாசல்கள் சிலவற்றில், ஜும்ஆ நாளன்று கதீப் அவர்கள் கையில் வாளேந்தி மிம்பரில் ஏறுவதைக் கண்டிருப்பீர்கள். அது மரபின் அடையாளமேயன்றி வெட்டுவதற்கானதன்று. சிலம்பம் பயிலும் இளைஞர் சிலரோ, பழங்கால வாளைப் போலச் செய்த மாதிரி வாளொன்றை வாங்கிச் சுவரில் மாட்டவும், அதைக்கொண்டே வாழைமரத்தை வெட்டிப் பழகவும் விரும்புகின்றனர். இவ்விரண்டிற்கும் ஒரே வாள் உதவுமா? பெரும்பாலும் உதவாது என்பதே விடை.

பழைய வாள் நம் கைக்கு எட்டாத பொருள். 1855-இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் வசமான பின்னர், அரண்மனை ஆயுதங்களில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றை அங்கே கண்டு மகிழலாம். திப்பு சுல்தானின் வாளொன்று 2023-இல் இலண்டன் ஏலத்தில் 1 கோடியே 40 இலட்சம் பவுண்டுக்குப் போயிற்று! ஆகவே சேகரிப்போர் பலர் நாடுவது மாதிரி வாள்களையே. டேராடூனில் 1943-இல் தொடங்கிய விண்ட்லாஸ் நிறுவனம் இத்தகைய வாள்களைச் செய்து வெளிநாடுகளுக்கும் அனுப்பி வருகிறது.

கடைகளில் பளபளக்கும் எவர்சில்வர் வாள் அழகுக்கு மட்டுமே உரியது. அத்தகைய பலவற்றில் பிடிக்குள் இருப்பது, பற்றவைத்த மெல்லிய கம்பியே. ஓங்கி வீசினால் அலகு கழன்று, எதிரே நிற்பவர் மீது பாயக்கூடும். வெட்டும் வாளோ கரிமம் மிகுந்த எஃகால் ஆனதாய் இருத்தல் வேண்டும். நம்மூர்க் கொல்லர் அரிவாளைக் காய்ச்சித் தோய்ப்பதுபோல அதுவும் பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். அலகின் அடிப்பகுதி அகலம் குன்றாமல் பிடிக்குள் ஆழமாகச் சென்றுள்ளதா என்று விற்பவரிடம் கேளுங்கள். தயங்கினால் வாங்காதீர்கள்.

கனத்த வாளே நல்ல வாள் என்பது தவறான எண்ணம். உண்மையான போர்வாள்களில் பல ஏறத்தாழ ஒரு கிலோ எடையே உடையவை. கையில் ஏந்தும்போது நுனி கீழே இழுக்குமாயின், அது பழகுவோர்க்கு ஏற்றதன்று.

வாழைமரத்துக்கு டெல்டாவில் பஞ்சமில்லை. குலை தள்ளி வெட்டிய மரமே பயிற்சிக்குப் போதும். ஆசான் அருகிருக்க, வீச்சின் எல்லைக்குள் எவரும் நில்லாதிருக்கப் பழகுங்கள். வாழைச்சாறு எஃகைக் கறுக்கச் செய்யும். உடனே துடைத்து எண்ணெய் பூசுங்கள்.

சட்டத்தையும் மறவாதீர். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு மட்டும் உரியதன்று. வாளும் அதன் வரம்புக்குள் வருவதே. உரிமம் தேவையா என்பதைக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டறிவதும், ரசீதைப் பத்திரப்படுத்துவதும் நலம். திருமண வீட்டிலும் ஊர்வலத்திலும் அதை வீசிக் காட்டுவது வீண் வம்பை விலைக்கு வாங்குவதாகும்.

பெற்றோருக்கு ஒரு சொல்: மகன் வாள் கேட்டால் விலையை மட்டும் விசாரிக்காதீர்கள். அதை எந்தப் பெட்டியில் பூட்டுவது, சாவி யாரிடம் இருப்பது என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான விடை கிடைத்த பின்னரே கடைக்குப் புறப்படுங்கள்.