மெய்நிகர் உலகில் எந்த வாசலால் போகிறோம்?



2021 ஒக்டோபரில் பேஸ்புக் நிறுவனம் தன் பெயரை மெட்டா என்று மாற்றியபோது, இனி எல்லோரும் மெட்டாவெர்ஸில்தான் வாழப்போகிறோம் என்று பேசிக்கொண்டார்கள். அந்த ஆரவாரம் அடங்கிவிட்டது. ஆனால் நம் வீடுகளில் ரோப்லொக்ஸும் மைன்கிராஃப்டும் அடங்கவில்லை. மெய்நிகர் கண்ணாடி வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளும் குறையவில்லை. இது நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டுப் பயனில்லை. அங்கே போகிறவர் எதைப் பெற்றுக்கொண்டு வருகிறார் என்று கேட்போம். இரண்டு உதாரணங்களைப் பாருங்கள்.

2021 மே மாதம் குச்சி நிறுவனம் ரோப்லொக்ஸில் ஒரு கண்காட்சி நடத்தியது. அங்கே விற்ற கைப்பைகளில் ஒன்று பிறகு கைமாறியபோது 4,100 டொலருக்கு மேல் போனது. கடையில் கையால் தொட்டு வாங்கும் உண்மையான பையின் விலை அப்போது அதைவிடக் குறைவாக இருந்தது. வாங்கியவருக்குக் கிடைத்தது ஒரு படம். அதை ரோப்லொக்ஸுக்கு வெளியே கொண்டுபோகவும் முடியாது.

அதற்கு முந்திய ஆண்டு, 2020 மார்ச் 12இல், எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு மைன்கிராஃப்டுக்குள் ஒரு நூலகத்தைத் திறந்தது. ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டைகளால் எழுப்பிய மாளிகை அது. சவூதி அரேபியா, எகிப்து, வியட்நாம் போன்ற நாடுகளில் தடுக்கப்பட்ட எழுத்துகள் அங்கே இருக்கின்றன. 2018இல் கொல்லப்பட்ட ஜமால் கஷோகியின் கட்டுரைகளும் உண்டு. செய்தித் தளங்களை முடக்கும் அரசுகள் பிள்ளைகளின் விளையாட்டை முடக்கவில்லை. அந்த இடைவெளியால் புத்தகங்கள் உள்ளே போயின.

இரண்டுமே கணினிக்குள் கட்டியவைதான். ஆனால் நூலகத்தில் ஒருவர் வாசித்தால் அடுத்தவருக்கு ஒன்றும் குறையாது. பைக்கு விலை ஏறியதோ மற்றவர்களிடம் அது இல்லாததால். எத்தனை பிரதியும் எடுக்கக்கூடிய ஒரு படத்தை வேண்டுமென்றே அரிதாக்கி, அந்த இல்லாமையைத்தான் விற்றார்கள்.

நூலகம் எரிந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் இன்று எந்த நாட்டிலிருந்தும் ஈழத்து நூல்களையும் பழைய பத்திரிகைகளையும் இலவசமாக வாசிக்கலாம். அதற்குக் கண்ணாடிகூடத் தேவையில்லை.

தாதியராக வேலை செய்யும் நாங்கள் இந்தக் கண்ணாடிக்கு எதிரிகள் அல்ல. தீக்காயத்துக்கு மருந்து கட்டும்போது நோயாளியைப் பனி உலகத்துக்குள் கூட்டிச்செல்லும் 'ஸ்னோவேர்ல்ட்' என்ற விளையாட்டு, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவானது. மனம் அதில் ஊன்றும்போது வலி குறைவாகத் தெரிகிறது. மனதை அவ்வளவு ஆழமாக இழுக்கும் ஒன்று, 'நீ போதாது' என்று சொல்லவும் பயன்படும். தன் உடம்பைப் பிடிக்காமல் சாப்பாட்டைக் குறைக்கும் பதின்ம வயதினரை நாங்கள் பார்க்கிறோம். காரணம் ஒன்றுதான் என்று சொல்லமாட்டோம். ஆனால் திரையில் பார்த்த இடுப்பும் முகமும் அவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஆடை வடிவமைப்பில் நல்ல பயனும் உண்டு. மாதிரி உடுப்பைத் துணியில் தைக்கமுன் கணினியில் முப்பரிமாணத்தில் உடுத்திப் பார்த்தால் துணி வீணாவது குறையும். ஆடை வடிவமைப்புப் படிக்க விரும்பும் தம்பி தங்கையரே, அதைக் கற்றுக்கொள்ளுங்கள். நமக்குத் தடையாகத் தெரிவது, அவதாருக்கு உடுப்பு மாற்றாவிட்டால் நண்பர் முன் நிற்க வெட்கப்படும் மனம்தான்.

அதனால் இரண்டு யோசனைகள். இந்த மாதம் விளையாட்டுக்குள் உடுப்புக்கும் அணிகலனுக்கும் எவ்வளவு செலவழித்தோம் என்று ஒவ்வொருவரும் எழுதிப் பார்ப்போம். அடுத்த இளையோர் கூட்டத்தில் ஒரு மணிநேரம் ஒதுக்கி, மைன்கிராஃப்ட் தெரிந்த பிள்ளைகள் முன்னே நடக்க, பெரியவர்களும் சேர்ந்து அந்த நூலகத்துக்குள் போவோம். அங்கே ஒரு கட்டுரையையாவது முழுதாக வாசித்துவிட்டு வெளியே வருவோம்.