கணினி தூர்த்த வாய்க்கால்

புது ரோடு போட்டு முதல் மழை. ரோட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஓரத்து வீட்டு வாசலிலோ கணுக்கால் மூழ்குகிறது. வாய்க்காலை ஒழுங்காக வெட்டவில்லை என்று கான்ட்ராக்டரைத் திட்டுவது வழக்கம். சில நேரம் மண்வெட்டி மண்ணைத் தொடும் முன்பே தப்பு நடந்திருக்கும், கணினியில்.

பெரிய சாலைகள் இப்போது முதலில் திரையில்தான் உருவாகின்றன. பலரும் பயன்படுத்துவது ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் சிவில் 3டி மென்பொருள். சர்வேயர் அளந்து வந்த புள்ளிகளை மூன்று மூன்றாகக் கோத்து, முக்கோணங்களால் ஒரு நிலத்தையே அது பின்னிவிடும். எந்தப் புள்ளியை எதோடு சேர்ப்பது என்பதற்கான கணக்கு, ரஷ்ய அறிஞர் போரிஸ் டெலோனே 1934-ல் வெளியிட்டது. (அவர் மலையேற்ற வீரரும்கூட. மேடு பள்ளம் அறிந்தவர்தான்!)

அவர் கணக்குக்கு வாய்க்கால் என்றால் என்னவென்று தெரியாது. பக்கத்தில் இருக்கும் புள்ளிகளைச் சேர்க்கும், அவ்வளவே. 1 மீட்டர் அகல வாய்க்காலின் இரு கரைகளிலும் நெருக்கமாக அளந்துவிட்டு, அடியில் மட்டும் 20 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்தால், இந்தக் கரையையும் அந்தக் கரையையும் கோத்து நடுவில் மண் அணை கட்டிவிடும். அதைப் பார்க்கும் வடிவமைப்பாளர், பழைய வாய்க்காலின் அடி நிஜத்தைவிட அரை மீட்டர் மேலே இருப்பதாக நம்புவார். அதில் போய்ச் சேர வேண்டிய புது வாய்க்காலைச் சரிவே இல்லாமல் படுக்கப் போடுவார். வாசலில் தேங்கியது அந்தத் தண்ணீர்தான்.

மருந்து சின்னது. அடிப் புள்ளிகளை ஒரே கோடாக இணைத்து, முக்கோணம் எதுவும் இதைக் குறுக்கே தாண்டக் கூடாது என்று சொல்லிவிட வேண்டும். 'பிரேக்லைன்' என்று அதற்குப் பெயர்.

இன்னொரு கோடும் உண்டு. வாய்க்காலின் வெளிச்சரிவு மேலேறி நிலத்தைத் தொடும் இடம். 'டேலைட்' என்பார்கள், மண்ணுக்குள்ளிருந்த சரிவு பகல் வெளிச்சத்தைப் பார்க்கும் இடம். நல்ல பெயர்தான். ஆழம் 60 செ.மீ., சரிவு ஒன்றுக்கு இரண்டு என்றால், சமதரையில் அந்தக் கோடு 1.20 மீட்டர் தள்ளி விழும். நிலத்தின் உயரத்தை 30 செ.மீ. தப்பாக எடுத்திருந்தால் கோடு 60 செ.மீ. நகரும். திரையில் அது ஒரு நூல் அகலம். ஊரில் ஒருவருடைய காம்பவுண்டுச் சுவர்.

கடைசியில் ரோட்டையும் வாய்க்காலையும் பழைய நிலத்தோடு ஒட்டி, ஒரே பரப்பாக்கிப் பார்க்க வேண்டும். சிவில் 3டியில் 'வாட்டர் டிராப்' என்றொரு வசதி இருக்கிறது. எங்கே தொட்டாலும், அங்கே விழும் துளி ஓடும் வழியைக் கோடாக வரைந்து காட்டும். ஒவ்வொரு வீட்டுக்கு எதிரிலும் ஒரு முறை தொட்டுப் பார்த்தால் போதும். கோடு கல்வெர்ட்டுக்குப் போய்ச் சேராமல் பாதியில் எங்கே நிற்கிறதோ, அங்கே உயரத்தை மறுபடி அளக்க ஆள் அனுப்ப வேண்டும், டெண்டர் விடுவதற்கு முன்னால்.