முகாமுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சைக்கிள்

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. மறுநாள் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து ரோடுகளில் தென்னையும் மின்கம்பமும் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை. பைக்குக்குப் பெட்ரோல் பிடிக்கலாம் என்றால் பங்கில் கரண்ட் இல்லை. மரம் கிடந்த இடத்தில் இறங்கி, சைக்கிளைத் தோளில் தூக்கி அந்தப் பக்கம் வைத்து, மறுபடி ஏறி மிதித்தவர்கள்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

புயலுக்கு முன்பே 80 ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் முகாம்களுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். பிறகு அந்த எண்ணிக்கை லட்சங்களைத் தொட்டது. முகாம் என்பது பெரும்பாலும் அரசுப் பள்ளி, இல்லாவிட்டால் கல்யாண மண்டபம். அங்கே பொழுது விடியுமுன்பே சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் கேட்கும். கேரியரில் கயிறும் அரிவாளும். ஹேண்டில்பாரில் ஒரு காலிக் குடம். பல வீடுகளில் அது பிளஸ் 1 படிக்கும் பிள்ளைக்குப் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பின்னால் எல்லோருக்கும் விரிந்த திட்டம் அது. சீட்டில் இப்போது அப்பா.

தஞ்சாவூர் புறவழிச்சாலையில் ஹெல்மெட்டும் கையுறையுமாக, உடம்பு இளைக்க விடிகாலையில் சைக்கிள் மிதிப்பவர்கள் உண்டு. நல்ல பழக்கம்தான். முகாமிலிருந்து வீட்டுக்கு மிதிப்பது வேறு மிதி.

கூரை பறந்த வீட்டில் அப்படி என்ன இருக்கிறது? அவிழ்த்துவிட்ட ஆடு திரும்பி வந்திருக்கலாம். நனைந்த நெல்லை உடனே கிளறிக் காயவைக்காவிட்டால் முளைத்துவிடும். ட்ரங்குப் பெட்டியில் பட்டாவும் ரேஷன் கார்டும் இருக்கின்றன. இதையெல்லாம்விடப் பெரிய கவலை கணக்கெடுப்பு. விழுந்த தென்னை ஒன்றுக்கு, அப்புறப்படுத்தும் கூலியும் சேர்த்து 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. எத்தனை மரம் என்று எழுத வி.ஏ.ஓ. வரும்போது ஆள் தோப்பில் நிற்க வேண்டாமா? அதே நேரத்தில் முகாமில் சோற்றுக்கு வரிசை நிற்கும். இரண்டையும் பிடிக்க அதிகாலையை விட்டால் வேறு பொழுதில்லை.

அதிகாரிகளின் கணக்கில் இந்தப் பயணம் எங்கும் வருவதில்லை. முகாமில் இத்தனை பேர், வீடு திரும்பியோர் இத்தனை பேர் என்று இரண்டே கட்டம். நடுவில், பகலில் வீட்டிலும் இரவில் பள்ளிக்கூடத்திலும் இருப்பவர்களை எதில் எழுதுவது? ஜப்பானில் 2011 அணு உலை விபத்துக்குப் பின் ஃபுகுஷிமாவின் சில பகுதிகளுக்கு இப்படி ஒரு நிலையையே அரசு வகுத்தது: பகலில் வீட்டுக்குப் போகலாம், வேலை பார்க்கலாம், இரவு தங்கக் கூடாது. அங்கே காரணம் கதிர்வீச்சு, இங்கே கூரையின்மை. ஆனால் திரும்புதல் ஒரே நாளில் நடப்பதில்லை என்பதை அவர்கள் ஏட்டிலாவது ஒப்புக்கொண்டார்கள்.

நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. 2004 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு ஆண்டு வந்த அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் தள்ளிப்போகச் சம்மதித்தால்தான் அரசு உதவியில் வீடு என்றது. பாதுகாப்புக்குச் சொன்னதுதான். ஆனால் மீனவருக்கு விடியலில் கடலின் நிறத்தைப் பார்த்தாக வேண்டும். படகும் வலையும் கரையில் கிடக்கின்றன. வீடு தள்ளிப்போகப் போக, வாழ்க்கை தினமும் அத்தனை தூரம் மிதிக்கும்படி ஆகிறது. முகாமோ மாற்றுக் குடியிருப்போ, இடம் தேர்ந்தெடுக்கும்போது சைக்கிளில் போய்வரும் தூரமா என்று பார்ப்பது பெரிய கோரிக்கை அல்ல.

பெண்கள் சைக்கிள் மிதிப்பதில் பின்தங்கியவர்கள் என்று யாராவது நினைத்தால், தஞ்சாவூருக்குப் பக்கத்து மாவட்டத்தைப் பார்க்கட்டும். கஜா புரட்டிப்போட்ட புதுக்கோட்டையில்தான் 1990களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்த வண்டியிலும் ஏறினார்கள். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டும் வித்தை புயலுக்குப் பிறகு கற்றதல்ல. கரண்ட் போய் ஊர் டேங்குகள் காய்ந்து, ஜெனரேட்டர் வண்டி எந்த ஊருக்கு வந்து தண்ணீர் ஏற்றுகிறது என்று தேடிப் போன நாள்களில் அது கைகொடுத்தது.

ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் மாவட்டங்களில் முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கிறது. மணல் மூட்டை, மரம் அறுக்கும் இயந்திரம், ஜே.சி.பி. என்று பட்டியல் படிப்பார்கள். அந்தப் பட்டியலில் சைக்கிளுக்கு எதுவும் இல்லை. ஆனால் புயல் பிய்த்தெறிந்த தகரக் கூரைகளின் ஆணிகள் ரோடெங்கும் சிதறிக் கிடக்கும். இரண்டாம் நாளே டியூப் பஞ்சர். பஞ்சர் கடைக்காரரும் அதே முகாமில்தான் படுத்திருப்பார். காற்றடிக்கும் பம்ப், ஒட்டு, சொல்யூஷன், நாலைந்து டியூப்: எல்லாம் ஒரு சாக்குக்குள் அடங்கும். ஒவ்வொரு முகாமுக்கும் அப்படி ஒரு சாக்கை அந்தப் பட்டியலில் சேர்த்து, அவரிடமே கொடுத்துக் கூலியும் தரலாம்.