சேமலாப நிதி இல்லாத ஓட்டம் எங்களுக்கு வேண்டாம்

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுத்து லொறியில் ஏறுகிறார்கள். கொழுந்துக்கூடையை விட ஸ்டீயரிங் மேல் என்று நினைக்கிறார்கள். அதில் பிழை இல்லை. பதுளை, பசறை, பிபிலை, மகாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் ஏ5 வீதி எங்கள் சனத்துக்குப் பழக்கமான வீதி. 1977, 1983 வன்செயல்களால் கிழக்கே வந்து குடியேறிய குடும்பங்களும் எங்களோடு இருக்கின்றன.

லொறி முதலாளிமார் இந்தப் பிள்ளைகளிடம் ஒரே கேள்வியைத்தான் வைக்கிறார்கள்: "தூர ஓட்டமா, உள்ளூர் ஓட்டமா? காசு வேண்டுமென்றால் கொழும்புக்குப் போ. பெண்டாட்டி பிள்ளை வேண்டுமென்றால் இங்கேயே மண் ஏற்று." காசையும் குடும்பத்தையும் எதிரெதிராக நிறுத்தும் இந்தப் பேச்சை நாங்கள் ஏற்கவில்லை.

தூர ஓட்டத்தைப் பாருங்கள். மட்டக்களப்பிலிருந்து கொழும்பு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஹபரணைக் காட்டுப் பாதையில் இரவில் யானை நிற்கும். கொழும்பில் சாமான் இறக்கக் காத்துக் கிடக்கும் நேரத்துக்குச் சம்பளம் இல்லை. ட்ரிப் கணக்கு மட்டுந்தான். அடுத்த ட்ரிப் பிடிக்க நித்திரையை விற்கிறான் சாரதி. 17 மணி நேரம் விழித்திருப்பவனின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவனின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குடித்துவிட்டு ஓட்டினால் பொலிஸ் பிடிக்கும். நித்திரையில்லாமல் ஓட்டச் சொன்னவனை யார் பிடிப்பது?

உள்ளூர் ஓட்டம் மட்டும் சுகமா? மாலையில் வீட்டுக்கு வரலாம், பிள்ளையின் முகம் பார்க்கலாம், உண்மைதான். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பின் படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் இடையே போய்வருவது சுலபமாகியிருக்கிறது. ஆனால் பெரும்போக நெல் வெட்டு முடிந்தால் நெல் ஓட்டம் குறையும். மாரி மழையில் ஆறு பெருகினால் மண் ஓட்டம் நிற்கும். லொறி நிற்கும் நாளில் அடுப்பும் நிற்கும். மண் ஏற்றும் அனுமதிப்பத்திரத்தில் குளறுபடி என்றால் வீதியில் மறிபடுபவன் சாரதி. முதலாளி வீட்டில் இருப்பான்.

ஆகவே எந்த ஓட்டத்திலும் பிள்ளைக்குக் குறைவது ஒன்றேதான்: எழுத்தில் உள்ள வேலை. கடிதம் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, சேமலாப நிதி இல்லை. "ட்ரிப்புக்கு ஓடுகிறவனுக்கு சேமலாப நிதி கிடையாது" என்று சொல்வது பச்சைப் பொய். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் துண்டு வேலைக்காரனையும் தற்காலிக வேலைக்காரனையும் சேர்த்தே பேசுகிறது. முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். அதற்கு மேல் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். வேலையில் ஏற்படும் காயத்துக்கும் சாவுக்கும் நட்டஈடு கேட்க 1934 முதலே சட்டம் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கலியாணச் செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் முற்பணம் கொடுத்து, "கடன் தீரும்வரை வேறு லொறியில் ஏறாதே" என்று கட்டிவைக்கும் வழக்கம். எங்கள் பாட்டன்மாருக்கு இது தெரிந்த கதை. கங்காணியின் கடனும் துண்டுச் சீட்டும் அவர்களைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றின. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதை லொறிப் பெட்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுவர விடுவோமா?

"சாரதி தோட்டத் தொழிலாளி இல்லையே, சங்கத்துக்கு என்ன வேலை?" என்று எங்களுக்குள்ளும் சிலர் கேட்கிறார்கள். மலையில் அரைப்பேர் போட்டபோது சண்டை பிடித்தவர்கள், பேரே போடாத இடத்தில் பிள்ளை வேலை செய்யும்போது வாய்மூடி இருப்பதா? நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயும் 2024இல் 1,350 ரூபாயும் ஆனது கூடி நின்று கேட்டதால். தனியாக ஓடும் சாரதி யாரோடு கூடி நிற்பான்? ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம் என்கிறது சட்டம். எங்கள் சங்கத்திலேயே அவர்களுக்கு இடம் இருக்கிறது.

புதிய சாரதிகளே, லொறிச் சாவியை வாங்கும் முன் கேளுங்கள்: சேமலாப நிதி இலக்கம் எங்கே? காத்திருக்கும் நேரத்துக்கு என்ன? லொறி நிற்கும் நாளுக்கு என்ன? இரவு ஓட்டத்துக்கு இரண்டாவது சாரதி உண்டா? கிளீனர் பையனுக்கும் பேர் உண்டா? ஓடிய நாளையும் நேரத்தையும் சொந்தக் கொப்பியில் எழுதி வையுங்கள்; தொழில் திணைக்களத்தில் முறையிடும்போது உதவும்.

தாய்மாரே, மனைவிமாரே, "எத்தனை ரூபாய்?" என்பதோடு இந்தக் கேள்விகளையும் வீட்டிலேயே கேளுங்கள். கைக்குழந்தை உள்ள வீட்டில் முதல் இரண்டு வருடம் உள்ளூர் ஓட்டமே நல்லது என்பது எங்கள் எண்ணம். பிறகு தூரம் போவதோ இருப்பதோ குடும்பத்தின் முடிவு. முதலாளியின் முடிவு ஆகக் கூடாது.

பிள்ளைகள் லொறியில் ஏறட்டும். உரிமையோடு ஏறட்டும்.