ஏலமலை அடிவாரத்தில் ஒரு தோணி

(இரண்டாம் ஆண்டு, இளநிலை அறிவியல், இயற்பியல்)

கல்லூரியில் சேர்ந்த அன்று நிரப்பித் தந்த படிவத்தில் 'பொழுதுபோக்கு' என்றொரு கட்டம் இருந்தது. எனக்கு முன்னால் நின்றவன் 'நூல் வாசித்தல்' என்று எழுதினான். அவனைப் பார்த்து நானும் அதையே எழுதினேன். அதுவரை பாடநூல் தவிர வேறொரு நூலைத் தொட்டறியாதவன் நான்! பொழுதைப் போக்க வேண்டிய தேவை எங்கள் வீட்டில் எவருக்கும் வந்ததில்லை. அது தானாகவே போய்விடும். அப்பா மூட்டை தூக்குகிறார். அம்மா ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து காய் பொறுக்கித் தரம் பிரிக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்தான்.

அதே படிவம் இன்று கைக்கு வந்தால் 'கப்பல் கட்டுதல்' என்று எழுதுவேன். நண்பர்களே, சிரிக்க வேண்டாம்!

போடிநாயக்கனூருக்கும் கடலுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். அம்மாவும் அதையேதான் கேட்டார்: "கடலே இல்லாத ஊருல கப்பலாக்கும்?" சென்ற ஆண்டு திருச்செந்தூர் போய்த் திரும்பும் வழியில் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் ஒரு தோணியைக் கண்டேன். முழுக்க முழுக்க மரம். ஒரு காலத்தில் பாய் விரித்துக் கொழும்புக்கு ஓடிய இனம். இன்று இயந்திரம் பூட்டிக்கொண்டு மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகிறது. அதன் வயிற்றுப் பகுதியின் வளைவு என்னை விடவில்லை. நேரான பலகையை இப்படி வளைத்தவன் எவன்? எப்படி வளைத்தான்? ஊர் வந்து சேர்ந்த பின்னும் அந்தக் கேள்வி உடன் வந்தது.

கைபேசியில் எடுத்த நான்கு படங்களை வைத்துக்கொண்டு நூறடித் தோணியை இரண்டடியாகச் சுருக்கினேன். மரக்கப்பல் செய்வதற்கென்றே இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வெட்டித் தயாராக வைத்த துண்டுகளைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். விலை பல ஆயிரம். எங்கள் வீட்டு மளிகைக் கணக்கு அதைத் தாங்காது. ஆனால் மரத்துக்கு நான் எங்கே போக வேண்டும்? வெளிநாட்டார் மாதிரி செய்யப் பயன்படுத்தும் பால்சா மரமும் நம்மூர்த் தோப்புகளில் பஞ்சு வெடிக்கும் இலவமரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டுமே எடை குறைந்தவை, கத்திக்கு இணங்குபவை. (இலவு காத்த கிளியைத்தான் உலகம் அறியும், இலவத்தை அறுத்த கிளி நான் ஒருவனே.) பலகைக்கு இலவம். கீல் போல அடியில் ஓடும் கட்டைக்கு, மலைத்தோட்டத்தில் கழித்துப்போட்ட சில்வர் ஓக் துண்டு. பாய்மரத்துக்கு மூங்கில். கயிற்றுக்குச் சாக்கு நூல். பசையும் உப்புத்தாளும் மட்டுமே காசு கொடுத்து வாங்கியவை.

அடிக்கட்டையைத் தமிழில் 'ஏரா' என்பார்கள். விலா எலும்பு போல் அதிலிருந்து எழும் சட்டங்கள் 'வங்கு'. 'கப்பல் சாத்திரம்' என்னும் பழைய சுவடி நூலில் உள்ள சொற்கள் இவை. பெயர் தெரிந்தபின் வேலை சற்றே எளிதானதாகத் தோன்றியது. அது என் மயக்கமாகவும் இருக்கலாம். இலவப் பலகையை மெல்லிய பட்டையாகச் சீவி, வெந்நீரில் ஊறவைத்து, வங்கின் மேல் மெல்ல மெல்லப் படியவைத்துக் கட்டி, இரவு முழுதும் விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டால் 'டப்' என்று முறியும். எத்தனை முறிந்தன என்று கேட்காதீர்கள்.

கொட்டகுடி ஆற்றில் தண்ணீர் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் தோணியை விட்டேன். மிதந்தது, ஒருமுறை ஆடியது, அப்படியே கவிழ்ந்தது! கரையில் நின்ற சிறுவர்கள் கைகொட்டினார்கள். மிதக்கும் பொருளின் ஈர்ப்பு மையம், மெட்டாசென்டர் என்னும் புள்ளிக்குக் கீழே இருந்தால்தான் சாய்ந்த கலம் தானாக நிமிரும் என்பதைத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியவன் நான். எழுதினேனே தவிர அறிந்திருக்கவில்லை. 1628-இல் ஸ்வீடன் நாட்டின் 'வாசா' என்னும் போர்க்கப்பல் முதல் பயணத்திலேயே, ஒன்றரைக் கிலோமீட்டர் கூடப் போகாமல் ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கியது. மேலே பாரம் மிகுதி, காரணம் அவ்வளவே. 1961-இல்தான் அதை வெளியே எடுத்தார்கள். ஓர் அரசனின் கப்பலே அப்படியென்றால் என் தோணி எம்மாத்திரம்! தூண்டில் ஈயக் குண்டுகளை ஏராவை ஒட்டி வைத்தேன். அடுத்த வாரம் நிமிர்ந்தது. அந்தப் பாடம் இனி எனக்கு மறக்காது.

சிறு மாதிரியை வைத்துப் பெரிய கப்பலை அறிவது விளையாட்டும் அன்று. வில்லியம் ஃபுரூட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1872-இல் டார்க்கீ நகரில் நீண்ட நீர்த்தொட்டி அமைத்து, மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து, உண்மைக் கப்பலைத் தண்ணீர் எவ்வளவு எதிர்க்கும் என்று கணக்கிட்டார். அத்தகைய தொட்டி சென்னை ஐ.ஐ.டி.யிலும் இருக்கிறது.

இனி, வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

மூன்றாம் பருவத்தில் கணிதத் தாள் ஒன்றில் தவறினேன். அப்பா தோணியைக் கையில் எடுத்தார். உடைத்துவிடுவார் என்றே நினைத்தேன். உடைக்கவில்லை. என் விரலில் இருந்த உளிக்காயத்தைப் பார்த்துவிட்டு, "படிக்கிற பிள்ளைக்கு உளி எதுக்குய்யா? நாங்க கை காப்புக் காய்ச்சது போதாதா?" என்றார். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. தோல்விக்குத் தோணிதான் காரணம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கு அதில் பங்கே இல்லை என்று சத்தியமும் செய்ய மாட்டேன்.

அப்பாவின் சொல்லை அதன் பிறகு பல நாள் எண்ணிப் பார்த்தேன். கைவேலையிலிருந்து மகனைத் தப்புவிக்கவே அவர் முதுகில் மூட்டை ஏறுகிறது. அந்த மகன் தானாகவே உளியை எடுத்தால், ஏறிய படியிலிருந்து இறங்குவதாகத்தானே அவருக்குத் தோன்றும்? ஆனால் கூலிக்காக உளி பிடிப்பதும் விருப்பத்தால் உளி பிடிப்பதும் ஒன்றல்ல. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை மரம் இழைத்தால் அதற்குக் 'கலையார்வம்' என்று பெயர். எங்களைப் போன்றவர் இழைத்தால் 'வெட்டிவேலை'. நான்காம் தொகுதித் தேர்வுக்குப் படிக்கும் நேரத்தில் இது தேவையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நானும்தான் படிக்கிறேன். இருபத்துநான்கு மணி நேரமும் வேலைக்கான மூலதனமாகவே இருக்க வேண்டும் என்பதைத்தான் ஏற்க மறுக்கிறேன்.

போடிக்கும் கடலுக்கும் உள்ள உறவைச் சொல்ல மறந்தேனே! சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாற்றுத் தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கியது. அங்கிருந்து மாட்டுவண்டியில் நம்மூர் வந்து, பின் இரயிலேறி, கப்பலேறி இங்கிலாந்து சென்றது. இன்னும் பழங்கதை ஒன்று உண்டு. நம் கொட்டகுடி ஆற்றின் நீர் வைகையில் கலக்கிறது. அந்த வைகை கடலை நெருங்கும் இடத்தில், இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில், 1986 முதல் பல கட்டங்களாக அகழாய்வு நடந்தது. அங்கே கிடைத்த பானை ஓடொன்றில் யாரோ பாய்மரக் கப்பல் ஒன்றைக் கீறி வைத்திருக்கிறார்கள். ரோமானியரின் பெருங்கப்பல் வகை அது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். கீறியவர் வணிகரோ, சுமைகூலியோ! அந்தக் கீறலுக்கு அவருக்குக் கூலி கிடைத்திருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

முதல்வர் அவர்களுக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இயற்பியல் ஆய்வகத்தை ஒட்டிய சிறிய அறையில் ஒரு மரமேசையும் பிடிகருவியும் தூசு படிந்து கிடக்கின்றன. சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் அதைத் திறந்துவிட்டால் போதும். ரேடியோ பிரிப்பவன் பிரிக்கட்டும். பொம்மை செய்பவள் செய்யட்டும். மரம் நாங்களே கொண்டு வருகிறோம்.

தோணி இப்போது வீட்டில் தகரப்பெட்டியின் மேல் நிற்கிறது. பாய் இன்னும் தைக்கவில்லை. போன வாரம் அம்மா வேலை முடிந்து வந்து, முந்தானை முடிச்சிலிருந்து சாக்கு நூல் உருண்டை ஒன்றை எடுத்துப் பெட்டிமேல் வைத்தார். பிறகு தோணிக்குள் எட்டிப் பார்த்து, "இதுல எத்தனை மூட்டை ஏலக்கா ஏத்தலாம்?" என்று கேட்டார். கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.