சட்டம் சாத்திய கதவும் சமூகம் சாத்திய கதவும்

நம் நாட்டில் பள்ளிக்கூடமும் வாக்குச்சாவடியும் பெரும்பாலும் ஒரே கட்டடந்தான். தேர்தல் நாளில் பெஞ்சுகள் ஓரமாய் ஒதுக்கப்படுகின்றன. கரும்பலகைக்கு முன்னே வாக்குப்பதிவு இயந்திரம் வந்து அமர்கிறது. வாக்குச்சாவடித் தலைமை அலுவலராய் உட்காருகிறவரும் பல இடங்களில் ஆசிரியரே. பெயரைச் சரிபார்ப்பவரும், விரலில் மையிடுபவரும் ஆசிரியரே. இப்பணியை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குறையின்றிச் செய்த தலைமையாசிரியர் ஒருவர், 60 வயதில் ஓய்வுபெற்றபின் சட்டமன்றத் தேர்தலில் தாமே வேட்பாளராய் நிற்க முன்வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். உடனே நம்மவர் முகம் சுளிக்கின்றனர். “ஐயாவுக்கு இந்த வயதில் எதற்கு இந்த வேலை? ஓய்வூதியம் வருகிறது, பூசைக்கு வந்து போகலாம், பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம். சாக்கடையில் ஏன் கால் வைக்கிறார்?” என்கின்றனர்.

பக்தியின் சாயலோடு சொல்லப்படும் இப்பேச்சை நாம் முற்றாக மறுக்கிறோம். இது பக்தியும் அன்று, விவேகமும் அன்று. பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கு இடப்பட்ட நல்ல பெயர்.

முதலில் திருச்சபையின் போதனையைப் பார்ப்போம். பொதுநலனுக்காக அரசியல் பொறுப்பைச் சுமப்போரின் பணி பாராட்டுக்குரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு, இன்றைய உலகில் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில் தெளிவாகக் கூறிற்று. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1988இல் பொதுநிலையினர் பற்றி எழுதிய திருத்தூது ஊக்கவுரை இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஊழலும் பதவி ஆசையும் அரசியலில் மலிந்திருப்பதைக் காரணமாகக் காட்டிக் கிறிஸ்தவர் பொதுவாழ்வைவிட்டு விலகி நிற்பது நியாயமாகாது என அது அறிவுறுத்தியது. திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் அரசியலை அன்புப்பணியின் உயர்ந்த வடிவங்களுள் ஒன்றாகவே எண்ணினார். சாக்கடை என்று சொல்லி ஒதுங்குவோர் இவற்றுள் எதைப் படித்தனர்?

“ஒரு காலத்தில் குருக்களே சென்றார்களே” என்பாரும் உளர். உண்மைதான். சென்னை லொயோலாக் கல்லூரியின் முதல்வராயிருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசா 1946இல் அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்றார். சிறுபான்மையினர் உரிமைகளுக்காக அங்கே வாதாடினார். ஆயினும் 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஆட்சி அதிகாரத்தில் பங்குகொள்ளும் பொதுப் பதவிகளைக் குருக்கள் ஏற்பதை 285ஆம் விதியால் தடுக்கிறது. கட்சி அரசியலில் அவர்கள் தீவிரமாய் ஈடுபடுவதை 287ஆம் விதி தடுக்கிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் பத்தாண்டுகள் உறுப்பினராயிருந்த குரு இராபர்ட் டிரைனன், உரோமையின் கட்டளைக்குப் பணிந்து 1980இல் மீண்டும் போட்டியிடாமல் விலகினார். ஆகவே அந்தப் பொறுப்பு பொதுநிலையினரின் தோள்மேல் இருக்கிறது. அவர்களும் இறக்கி வைத்துவிட்டால் அதைத் தூக்குவதற்கு வேறு எவரும் இல்லை.

ஆசிரியர்களுக்கென்று சட்டமியற்றும் அவையில் முன்னர் ஒரு தனி வாசல் இருந்தது. அரசியலமைப்பின் 171ஆம் பிரிவின்படி, சட்டமன்ற மேலவையின் உறுப்பினர்களுள் பன்னிரண்டில் ஒரு பங்கினரை ஆசிரியர்களே தேர்ந்தெடுப்பர். தமிழ்நாட்டில் 1986 நவம்பரில் மேலவை ஒழிக்கப்பட்டது. அதை மீட்க 2010இல் எடுத்த முயற்சியும் நிலைக்கவில்லை. இனி ஆசிரியர் ஒருவர் அவைக்குள் செல்ல வேண்டுமாயின், எல்லாரும் செல்லும் பொது வாசல் வழியாகவே செல்லல் வேண்டும். அந்த வாசல் நம்மவர்க்கு எவ்வாறு இருக்கிறது என்பதை அறிய, அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஊர்களைப் பார்த்தாலே போதும்.

முதலாவது ஸ்ரீவில்லிபுத்தூர். 2008ஆம் ஆண்டின் தொகுதி மறுசீரமைப்புக்கு முன் இது பொதுத் தொகுதி, இராஜபாளையம் தனித்தொகுதி. மறுசீரமைப்புக்குப் பின் நிலை தலைகீழாயிற்று. 2011ஆம் ஆண்டுத் தேர்தல் முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதி. ஒடுக்கப்பட்டோர்க்குத் தனித்தொகுதி வேண்டும் என்பதில் நமக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனால் அதே தெருவில் பிறந்து, அதே இழிவைச் சுமந்து, படித்து உயர்ந்து தலைமையாசிரியராய் ஓய்வுபெற்ற தலித் கத்தோலிக்கர் ஒருவர், தம் சொந்த ஊர்த் தொகுதியில் வேட்புமனுத் தாக்கல் செய்ய இயலாது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே தாழ்த்தப்பட்ட சாதியினர் என வரையறுத்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றும் வெளியே நிற்கின்றனர். அவர் திருமுழுக்குப் பெற்றதால் ஊரார் பார்வையில் சாதி போய்விடவில்லை. தேர்தல் அலுவலர் பார்வையில் மட்டும் போய்விட்டது!

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் உள்ள தேவிகுளம் தனித்தொகுதியில் 2021இல் வென்ற ஏ. இராஜாவின் தேர்தலை, அவர் கிறிஸ்தவர் என்று கூறி கேரள உயர் நீதிமன்றம் 2023இல் செல்லாதென்றது. 2025இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி அவர் வெற்றியை நிலைநாட்டியது. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர், தாம் எந்தக் கோவிலுக்குப் போகிறார் என்பதற்காக நான்காண்டுகள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. தலித் கிறிஸ்தவர்களுக்கும் தாழ்த்தப்பட்டோர் உரிமைகளை வழங்கக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. நல்லது. ஆனால் தீர்மானம் சட்டமாகிவிடாது. அதை விடாது வற்புறுத்துவதற்கு அவைக்குள்ளே வலியை அறிந்த குரல் வேண்டும்.

இது சட்டம் சாத்திய கதவு. இதை எதிர்த்து நாம் ஊர்வலம் போகிறோம், உண்ணாநோன்பு இருக்கிறோம், கறுப்புக் கொடி ஏற்றுகிறோம். அது முறையே. ஆனால் இராஜபாளையம்?

இராஜபாளையம் இப்போது பொதுத் தொகுதி. 25 வயது நிறைந்த வாக்காளர் எவரும் அங்கே நிற்கலாம். வைப்புத்தொகை 10,000 ரூபாய். சுயேச்சையாய் நிற்பவரை அத்தொகுதியின் வாக்காளர் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். சட்டம் இங்கே எந்தக் கிறிஸ்தவரையும் தடுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் மறுக்கப்பட்ட அதே தலைமையாசிரியர் இங்கே வந்து நிற்கலாம். நிற்கிறார் என்றே கொள்வோம். அந்தப் பத்துப் பேரில் ஒருவராய் நம் இறைமக்களுள் எத்தனைபேர் கையெழுத்திடுவர்? “மாஸ்டர் நல்லவர்தாம், ஆனால் நம் ஆள் இல்லையே” என்ற முணுமுணுப்பு எழாது என்று எவராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

1985ஆம் ஆண்டின் சூசை வழக்கு நினைவுக்கு வருகிறது. செருப்புத் தைக்கும் தொழிலாளியான அவர், தம் இனத்தாருக்கு அரசு வழங்கிய பெட்டிக்கடை, தாம் கிறிஸ்தவர் என்பதால் மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். சாதிக் கொடுமை கிறிஸ்தவ சமயத்திலும் அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று அவர் மனு தள்ளுபடியாயிற்று. சான்றுக்கா பஞ்சம்? தமிழகத்தில் சாதிவாரியாய்ப் பிரிந்து கிடக்கும் கல்லறைத் தோட்டங்கள் சொல்லுமே! நீதிமன்றத்தில் ‘எங்களுள்ளும் சாதி உண்டு’ என்று வாதாடுகிறோம். பங்குப் பேரவையில் ‘நம்மிடம் சாதியே இல்லை’ என்று சாதிக்கிறோம். வாக்குச்சாவடியில் சாதி பார்த்தே பொத்தானை அழுத்துகிறோம். இது சமூகம் சாத்திய கதவு. இதைத் திறக்க எந்த ஆணையமும் வேண்டியதில்லை, எந்தத் திருத்தச் சட்டமும் வேண்டியதில்லை. உள்ளேயிருந்து தாழ்ப்பாளை நீக்கினால் போதும்.

“நின்றாலும் தோற்றுப்போவார், அவமானந்தானே மிச்சம்” என்பது அடுத்த வாதம். இராஜபாளையத்து மண்ணில் நின்றுகொண்டு இதைச் சொல்லலாமா? 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராயிருந்த பூ. ச. குமாரசாமி ராஜா இவ்வூரவர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார். தம் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்கு அளித்த அவரை ஊர் இன்றும் மதிக்கிறது; அந்தத் தோல்வியை எவர் பெரிதாய் எண்ணுகிறார்? பெருந்தலைவர் காமராசர் தாம் பிறந்த விருதுநகரிலேயே 1967இல் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அவர் பெருமையில் இம்மியும் குறையவில்லை. தேர்தலில் தோற்பது இழிவன்று. வாக்கை விற்பதே இழிவு.

கையெழுத்தைப் பற்றிச் சொன்னோம். தலைமையாசிரியரின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்பதை இராதாபுரம் காட்டியது. 2016ஆம் ஆண்டுத் தேர்தலில், முன்னாள் ஆசிரியரான மு. அப்பாவு அங்கே 49 வாக்குகளில் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். தலைமையாசிரியர் சான்றொப்பமிட்ட 203 அஞ்சல் வாக்குகள், அவர் அதற்குத் தகுதியுடைய அலுவலர் அல்லர் என்று ஒதுக்கப்பட்டிருந்தன. அந்தச் சான்றொப்பம் செல்லும் எனக் கொண்டு 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு ஆணையிட்டது. முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021இல் அதே தொகுதியில் வென்ற அப்பாவு, அவ்வாண்டே பேரவைத் தலைவரானார். அவருடைய கட்சி நமக்குப் பொருட்டன்று. ஒரு தலைமையாசிரியரின் கையெழுத்தை ஓர் உயர் நீதிமன்றம் மதித்தது. அவர் வேட்புமனுவில் இடும் கையெழுத்தை நாம் ஏன் ஏளனம் செய்கிறோம் என்பதே கேள்வி.

இவ்வளவு சொன்னதால், ஆசிரியர் என்பதற்காகவோ கிறிஸ்தவர் என்பதற்காகவோ கண்ணை மூடிக்கொண்டு வாக்களியுங்கள் என்று நாம் சொல்லவில்லை. சமயத்தைச் சொல்லி வாக்குக் கேட்பது 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு அதை உறுதிசெய்தது. பட்டம் பெற்றவரே நல்லாட்சி தருவார் என்பதும் மயக்கம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராசரே ஊர்தோறும் பள்ளி திறந்தார். மேலும் வகுப்பறைப் பழக்கம் ஆபத்தானது. அங்கே ஆசிரியர் கேள்வி கேட்பார். மாணவர் எழுந்து நின்று விடை சொல்வர். சட்டமன்ற உறுப்பினரோ கேள்விக்கு விடை சொல்ல வேண்டியவர். எனவே பழைய மாணவர்களே, உங்கள் ஆசிரியரிடம் இம்முறை நீங்கள் கேளுங்கள்: சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறித் தொழிலாளியின் கூலிக்கு என்ன செய்வீர்? நூற்பாலைக்குச் செல்லும் பெண்ணின் பாதுகாப்புக்கு என்ன வழி? அரசுப் பள்ளியில் கழிப்பறைக்கும் காலிப் பணியிடத்துக்கும் என்ன திட்டம்? 2023ஆம் ஆண்டின் தீர்மானத்தை யார் கையில் எடுப்பார்? விடை சரியில்லையேல் மதிப்பெண் குறையுங்கள். அது குருத்துரோகம் ஆகாது.

ஆனால் கேள்வி கேட்பதற்கு முன்பே அவரை வீட்டுக்குத் துரத்தாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூரின் கதவைத் திறக்கச் சொல்லி தில்லியை நோக்கிக் குரல் கொடுக்கும் நாம், இராஜபாளையத்தின் கதவுக்கு முதுகைச் சாய்த்து நிற்பது அறமாகாது. அடுத்த தேர்தலில் நேர்மையான ஆசிரியர் ஒருவர் முன்மொழிவுப் படிவத்தோடு உங்கள் வாசலுக்கு வரக்கூடும். அவருடைய சாதியைக் கேளாது, அவர் என்ன செய்ய எண்ணுகிறார் என்பதைக் கேளுங்கள். விடை நெஞ்சுக்கு ஒத்ததாயின் பேனாவை எடுங்கள்.