காத்திரு என்று சொல்பவர் யார்? காத்துக் கிடப்பவர் யார்?

ஆவணி முகூர்த்தத்துக்குள் சேலையை அறுத்துக் கொடு என்று பட்டு முதலாளிகள் விரட்டுகிற அதே நாட்களில்தான் மெடிக்கல் காலேஜ் சேர்க்கைப் பட்டியலும் வெளியாகிறது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் தறிக்குழியில் காலை வைத்துக்கொண்டு செல்போனைப் பார்த்தபடி இருக்கிறார்கள். முதல் சுற்றில் பெயர் இல்லை. இரண்டாம் சுற்று வரட்டும் என்கிறார்கள். அதிலும் இல்லை. யாராவது இடத்தை விட்டுவிட்டுப் போனால் அடுத்தவருக்குக் கிடைக்கும், காத்திரு என்கிறார்கள்.

காத்திரு! இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

பட்டியல் என்பது ஒரு வரிசை. முன்னால் நிற்பவர் முதலில் போகிறார். இதில் வர்க்கம் எங்கே வந்தது என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். வரிசையைப் பற்றிக் காஞ்சிபுரத்து ஜனங்களுக்குப் பாடம் நடத்த வேண்டாம், ஐயா! 40 வருஷத்துக்கு ஒரு முறை வெளியே வரும் அத்தி வரதர் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை தரிசனம் தந்தபோது, ஏழை ஜனங்கள் மணிக்கணக்கில் வெயிலில் நின்றார்கள். நெரிசலில் மயங்கி விழுந்தார்கள். சிலர் உயிரையே விட்டார்கள். வி.ஐ.பி. பாஸ் வைத்திருந்தவர்களுக்கு வேறு வாசல் இருந்தது. பக்தியைப் பற்றி இங்கே பேச்சில்லை. வாசலைப் பற்றித்தான் பேச்சு.

மெடிக்கல் காலேஜுக்கும் இரண்டு வாசல். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்று பெயர் வைத்துக்கொண்ட தனியார் ஸ்தாபனங்களில் வருஷத்துக்கு 20 லட்ச ரூபாய்க்கு மேல் கட்டணம். நீட் பரீட்சையில் தேர்ச்சி என்று சொல்லும் குறைந்தபட்ச மார்க்கைத் தாண்டிவிட்டு, இந்தப் பணத்தையும் எண்ணி வைக்கத் தயாராக இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஏதாவது ஒரு ஊரில் இடம் உண்டு. அவனைவிட நூறு மார்க், இருநூறு மார்க் கூடுதலாக வாங்கிய நெசவாளி மகள் காத்திருப்போர் பட்டியலில் நிற்கிறாள். தகுதி, தகுதி என்று முழங்குகிறவர்கள் இதற்கு என்ன பதில் சொல்கிறார்கள்?

அந்தத் தகுதியின் லட்சணத்தையும் பார்த்துவிடுவோம். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் மேல்படிப்புக்கு எழுதும் நீட் பரீட்சை ஒன்று இருக்கிறது. 2023 செப்டம்பரில் மத்திய சர்க்கார், அந்த வருஷச் சேர்க்கைக்கான தகுதிக் கோட்டை பூஜ்ய பெர்சன்டைலுக்கு இறக்கியது. பரீட்சை எழுதியவர் எல்லோரும் தகுதி பெற்றவரே என்பதுதான் இதன் அர்த்தம். காலி இடங்களை நிரப்ப வேண்டுமென்றால் தகுதி பூஜ்யத்துக்குக்கூட இறங்கி வரும். நெசவாளி மகளுக்காக மட்டும் அது இறங்காது!

காத்திருப்பதற்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்ப்போம். கோர்வைச் சேலை ஒன்றை நெய்து அறுக்கப் பத்து நாள், பதினைந்து நாள் ஆகும். ஒரு ஆள் போதாது. கரைக்குத் தனியாக ஓடம் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் வீட்டுப் பெண்ணுடையது, அல்லது பிள்ளையுடையது. பாவு கிடைத்தால் வேலை, கிடைக்காவிட்டால் பட்டினி. இந்த வீட்டில் ஒரு பிள்ளை ஒரு வருஷம் காத்திருந்தால், ஒரு வருஷத்துக்கு ஒரு கை குறைகிறது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் நடவுக்குப் போகும் வீட்டிலும், கோயமுத்தூரில் மில் ஷிப்டுக்குப் போகும் வீட்டிலும் இதே கணக்குத்தான். வசதியுள்ள வீட்டில் கதையே வேறு. இந்த வருஷம் போனால் அடுத்த வருஷம். லட்ச ரூபாய் கட்டிப் பயிற்சி நிலையத்தில் சேர்த்துவிடுவார்கள்.

இது நம்முடைய கற்பனை அல்ல. தமிழ்நாடு சர்க்கார் நியமித்த நீதிபதி ஏ. கே. ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். 2016-17-ல், நீட் வருவதற்கு முன், சேர்ந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 12 பேர்தான் மறுமுறை முயன்றவர்கள். 2020-21-ல் அது நூற்றுக்கு 71! முதல் முறையிலேயே இடம் பிடித்தவர்கள் மிச்சமுள்ள 29 பேர். ஆக, நீட் அளப்பது மூளையை மட்டுமல்ல. எத்தனை வருஷம் சம்பாதிக்காமல் வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியும் என்பதையும் அளக்கிறது.

1953-ல் ராஜாஜி ஒரு திட்டம் கொண்டுவந்தார். பாதி நாள் பள்ளிக்கூடம், மீதி நாள் அப்பன் தொழில். குலக்கல்வி என்று நாடே காறித் துப்பியது. 1954-ல் காமராஜ் அதைக் கைவிட்டார். ராஜாஜியாவது வெளிப்படையாகச் சொன்னார். இன்றைய டில்லி அப்படிச் சொல்வதில்லை. காத்திரு என்கிறது, காத்திருந்து அலுத்த பிள்ளை தானாகவே தறிக்குழியில் இறங்கிவிடுகிறது.

காத்திருக்கச் சொல்லிக் கழுத்தறுத்த கதையை 2017-ல் பார்த்தோம். அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த அனிதா, மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200-க்கு 1176 மார்க் வாங்கினாள். பழைய முறை இருந்திருந்தால் அந்த மார்க்குக்கு டாக்டர் படிப்பு நிச்சயம். அந்த வருஷம் ஆகஸ்ட் 13-ல் மத்திய மந்திரி நிர்மலா சீதாராமன், ஒரு வருஷ விலக்குக்கு மத்திய சர்க்கார் ஒத்துழைக்கும் என்று சொன்னார். ஆயிரக்கணக்கான வீடுகள் அந்த வார்த்தையை நம்பிக் காத்திருந்தன. ஆகஸ்ட் 22-ல் சுப்ரீம் கோர்ட்டில் டில்லி கைவிரித்தது. நீட் மார்க்கின்படியே சேர்க்கை நடத்த உத்தரவாயிற்று. செப்டம்பர் 1-ல் அனிதாவை நாம் இழந்தோம்.

சட்டசபைகளையும் இப்படித்தான் காக்க வைக்கிறார்கள். நுழைவுத் தேர்வை ஒழித்துத் தமிழ்நாடு சட்டசபை 2006-ல் நிறைவேற்றிய சட்டத்துக்கு 2007-ல் ஜனாதிபதி ஒப்புதல் கிடைத்தது. அதே நோக்கத்தோடு 2021 செப்டம்பரில் நிறைவேற்றிய நீட் விலக்கு மசோதாவைக் கவர்னர் ஐந்து மாதம் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8-ல் சட்டசபை மீண்டும் நிறைவேற்றியது. பிறகு மூன்று வருஷம் டில்லியில் கிடந்தது. ஒப்புதல் மறுக்கப்பட்டது என்ற செய்தி சட்டசபையில் அறிவிக்கப்பட்டது 2025 ஏப்ரல் 4-ல்! 1976-ல், அவசர நிலைக் காலத்தில், கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றினார்கள். அந்த வினையின் அறுவடை இது.

டாக்டர் படிப்பைப் பற்றிக் கூலிக்காரனுக்கு என்ன கவலை என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்பதுண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவு இரண்டு மணிக்குப் பிரசவ வலியோடு போய் நிற்பது யார் வீட்டுப் பெண்? 1965-ல் தொடங்கிய செங்கல்பட்டு மெடிக்கல் காலேஜ், 2019-ல் மாவட்டம் பிரிந்தபோது புது மாவட்டத்தோடு போய்விட்டது. 2022 ஜனவரியில் 11 சர்க்கார் மெடிக்கல் காலேஜ்கள் ஒரே நாளில் திறக்கப்பட்டன. அந்தப் பதினொன்றில் காஞ்சிபுரம் இல்லை.

போராடினால் என்ன கிடைக்கும் என்பதற்கும் கண்முன் சாட்சி இருக்கிறது. சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கும் மசோதா 2020 செப்டம்பர் 15-ல் சட்டசபையில் நிறைவேறியது. நீதிபதி கலையரசன் குழு கேட்டது 10 சதவீதம் என்பது வேறு விஷயம். கவர்னர் 45 நாள் கையெழுத்துப் போடவில்லை. மாணவர்களும் கட்சிகளும் தெருவுக்கு வந்தார்கள். ஹைகோர்ட்டும் கேள்வி கேட்டது. மாநில சர்க்கார் அக்டோபர் 29-ல் அரசாணையே போட்டுவிட்டது. மறுநாள் கையெழுத்து வந்தது! அந்த வருஷம் 313 சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு எம்.பி.பி.எஸ். இடம் ஒதுங்கியது.

ஆனால் நவம்பரில் கலந்தாய்வு நடந்தபோது, தனியார் காலேஜில் இடம் கிடைத்த சில பிள்ளைகள் கட்டணம் கட்ட வழியில்லாமல் இடத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். கட்டணத்தை சர்க்காரே ஏற்கும் என்ற அறிவிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது. ஒதுக்கீட்டை 10 சதவீதமாக்க வேண்டும், கல்வியை மாநிலப் பட்டியலுக்குத் திருப்ப வேண்டும், நிகர்நிலைக் கொள்ளைக்கு உச்சவரம்பு விதிக்க வேண்டும், காஞ்சிபுரத்தில் சர்க்கார் மெடிக்கல் காலேஜ் வேண்டும் என்று தறித் தொழிலாளர் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் மில் சங்கங்களும் தீர்மானம் போட வேண்டும். அடுத்த பட்டியல் வரும்வரை வைத்திருக்காமல், இந்த மாதக் கூட்டத்திலேயே போட வேண்டும்.